காதையும் காட்டுங்கள்

"மேசைக்கு அடியில் காட்டுங்கள்" என்றது குரல்.
மடிக்கணினியைத் தூக்கிச் சாய்த்தேன்:
நண்டு ஆலை உப்பில் வெளுத்த பூட்ஸ் இரண்டு,
மகன் உடைத்த பனிச்சறுக்குப் பலகை,
ஒரு நாய்.
"நாய் வெளியே போக வேண்டும்."
வெளியே மைனஸ் முப்பத்தொன்று. இது லாப்ரடார்.
"விதி" என்றது குரல்.
குளியலறையில் அடைத்தேன்.
மூன்று மணி நேரமும் கதவைப் பிறாண்டியது.

சுவர்கள். கூரை. மணிக்கட்டு.
"காதையும் காட்டுங்கள்."
முடியை ஒதுக்கினேன்.
பதினாறு வயதில் குளிர் தின்ற இடக்காது நுனி.
கணவன்கூட அதிகம் பார்க்காதது.

செலவுக் கணக்கியல்.
கூட்டும்போது எனக்கு உதடு அசையும்.
"உதடு அசைகிறது. முதல் எச்சரிக்கை."
புயலில் செயற்கைக்கோள் இணைப்பு அறுந்து
நாற்பது நொடி நான் உலகத்திலேயே இல்லை.
"திரையில் ஆளைக் காணோம். இரண்டாவது."
அதன்பின் எண்களைப்
பல்லுக்குள் வைத்துக் கூட்டினேன்.

தேறவில்லை.
புயல்மேல் பழி போட ஆசைதான்.
தேய்மானக் கேள்வியைத்
தப்பாகப் படித்தது நான்.
மார்ச்சில் மறுபடி,
நாயை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு.

இப்படி ஆறு வருடம்.
பகலெல்லாம் நண்டுக்கால் பிரித்த விரல்
இரவில் விசைப்பலகையில் வழுக்கும்;
'எஸ்' எழுத்தில் மட்டும் இன்னும் அந்த வாடை.

ஆலைக் கணக்கர் வேலைக்கு நேர்காணல்.
மேலாளர் ஆலர்ஹெட், சென்ட் ஜான்ஸில்
வளாகத்தில் தங்கிப் படித்தவர்,
என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இணையத்திலா?
அப்படியென்றால்... பக்கத்தில் யாரும் பார்க்காமல்?"

நீங்கள் தேர்வு எழுதியபோது
உங்கள் காதைப் பார்த்தார்களா
என்று கேட்க வாய்வரை வந்தது.
உதட்டை அசைக்கவில்லை.
பழகிப்போயிருந்தது.

சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

பட்டச் சான்றிதழ் தபாலில் வந்தது,
மூடுபனியில் விமானம் ஒன்பது நாள் இறங்காமல் போக்குக்காட்டிய பிறகு.
தபால் நிலையத்தில் ஹல்டா வாய்ஸி.
பள்ளியில் என் பின்பெஞ்சு.
என் பென்சில்களை எல்லாம் கடித்துவைத்தவள்.
"பதிவுத் தபால், வெர்னா. அடையாள அட்டை?"
"என்னடி இது?"
"விதி" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.
அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி அட்டையை.
நான்தான் என்று முடிவு செய்யக்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.