தெற்குத் தடம்

ஜனவரியில் வின்னிபெக் ஏரி தரையாகிவிடும்.
அதன்மேல் லாரி போகும், கோழிக்கூண்டு போகும்,
ஒரு தடவை பியானோகூடப் போனது.

ஊராட்சி அலுவலகத்துத் தட்டச்சுக்காரி
ஹல்டோரா பியார்னசன்
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
பலகைக்கு ஒரு வாசகம் அடித்தாள்:

வடக்குத் தடம் திறந்திருக்கும்
கொடி ஏறியிருக்கும்போது
தெற்குத் தடம் மூடியிருக்கும்

இங்கே நான் மூன்றாக மடித்திருக்கிறேன்.
அவளுடைய ஆங்கிலத்தில் அது ஒரே வரி,
இடையில் ஒரு பொட்டுக்கூட இல்லை.
நமக்கு வாலில் வரும் 'போது'
அவர்களுக்குத் தலையில் வரும்.
நடுவில் கிடந்த கொடி,
இருவர் படுத்த கட்டிலில் ஒற்றைப் போர்வை.
யார் இழுத்தாலும் வரும்.

பிப்ரவரி ஒன்பது. கொடி இறங்கியிருந்தது.
தொள்ளாயிரம் கிலோ பிக்கரல் மீனோடு வந்த
ஓஸ்டாப் மெல்னிசுக்
வண்டியை நிறுத்தாமலே படித்தான்.
கொடி ஏறினால்தானே தெற்கு மூடும்?
இறங்கித்தானே கிடக்கிறது?
தர்க்கம் சரி.
பனிக்கட்டி சரியில்லை.

விசாரணை கர்லிங் மன்றத்தில் நடந்தது.
காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் ஃபென்விக்
கரும்பலகையில் அந்த வரியை எழுதி
'திறந்திருக்கும்' பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி வைத்தார்.
"இப்போது கொடி தெற்குக்குச் சொந்தம்."
அழித்துவிட்டு, கொடிக்கு அப்பால் வைத்தார்.
"இப்போது வடக்குக்கு. தெற்கு எப்போதும் மூடல்."
சுண்ணாம்புத் தூள் அவர் ஷூவில் விழுந்தது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்:
"நடுவில் ஒரு 'ஹவெவர்' போட்டால் தீர்ந்ததே?"
ஃபென்விக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது.
"'பட்' என்றால் ஆணி, ஐயா, இரண்டு பலகையைச் சேர்க்கும்.
'ஹவெவர்' வெறும் விருந்தாளி.
அதற்கு முன்னால் அரைப்புள்ளி வேண்டும்,
பின்னால் காற்புள்ளி வேண்டும்.
தானாக எதையும் தாங்காது."
யாரோ தெர்மாஸ் திறக்கும் சத்தம்.

ஹல்டோராவைக் கேட்டார்கள்.
"கொடிக்கு அப்புறம் நான் மூச்சு விட்டேன்" என்றாள்.
"நன்றாக ஞாபகம் இருக்கிறது.
மூச்சு தாளில் விழவில்லை."

ஓஸ்டாப்பைக் கடைசியில்தான் கேட்டார்கள்.
இடது காதில் கட்டு.
"புள்ளி இருந்தாலும் போயிருப்பேன்.
வடக்கு நாற்பது நிமிடம் சுற்று.
ஐந்து மணிக்கு எடைக்கல்லை எடுத்து வைத்துவிடுவார்கள்."
குறிப்பெழுதுகிறவர் தலை நிமிர்ந்தார்:
இதையும் எழுதிக்கொள்ளவா?
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

புதுப் பலகை வந்தது.
கொடிக்கு அப்பால், முஷ்டி அளவில்,
சிவப்பு வண்ணத்தில் அரைப்புள்ளி.
பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு
அதுதான் குறி.
பனியுருண்டை பட்டுப்பட்டு
மார்ச்சில் மேல்பொட்டு உதிர்ந்துவிட்டது.
மிச்சம் நின்றது காற்புள்ளி.
அதற்குள் ஏரியும் இளகத் தொடங்கியிருந்ததால்
யாரும் திருத்தவில்லை.

ஏப்ரலில் ஓஸ்டாப் ஒரு படிவம் கொண்டுவந்தான்.
இழப்பீடு. கையெழுத்து புரியாது,
தட்டச்சில் வேண்டும் என்றார்களாம்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
நான்காம் கேள்விக்கு இப்படி எழுதியிருந்தான்:

லாரி முழுகியது, ஹவெவர் நான் ஏறி வந்துவிட்டேன்

ஹல்டோரா பென்சிலை எடுத்தாள்.
இரண்டு முழு வாக்கியங்கள்,
நடுவில் விருந்தாளி,
அடியில் மெல்லிய ஒரு காற்புள்ளி.
இந்தக் கனத்துக்கு அது உடையவேண்டும்.
இப்போது அவளுக்கு விதி தூக்கத்திலும் தெரியும்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
இருந்தபடியே அடித்தாள்.
ஒரு மனிதன் அதன்மேல் கால் வைத்துத்தான்
ஏறி வந்திருக்கிறான்.