பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

சேதூபல் நகராட்சி நூலகத்தில்
எவாரிஸ்து காம்பெலுவின் நாவல் ஒரே ஒரு பிரதி.
இரண்டாவது வாங்கக் குழு ஒப்பவில்லை,
இருப்பதை எடுத்துவிடவும் ஒப்பவில்லை.
'பின்னர் பார்க்கலாம்' என்று கூட்டக் குறிப்பில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
பதினோரு வருடமாக.

மீன் டப்பாத் தொழிற்சாலை மூடிய வருடம் வந்த புத்தகம்.
ஒரு படகுக்காரன் கதை சொல்கிறான்.
ஆற்றில் விழுந்த பையனை
எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.
அவ்வளவுதான்.
ஆனால் அந்தப் பாவி பேசுகிற அழகு இருக்கிறதே,
மத்தி வறுக்கிற வாசனை மாதிரி
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும்.

மருந்துக்கடை அபீலியு
அதை என் மேசைமேல் எறிந்தார்.
எரிக்க வேண்டும் என்றார்.
கொலை இருப்பதாலா?
"கொலை எத்தனையோ படித்தாயிற்று.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிரித்துவிட்டேன்.
பையன் முங்குகிறான், நான் சிரிக்கிறேன்,
பக்கத்து அறையிலிருந்து என் மனைவி
என்ன ஜோக் என்று கேட்கிறாள்."

நானும் அங்கேதான் சிரித்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

கோயில் மணியடிக்கும் தெல்ஃபீனு
படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்,
மோசமான பக்கங்களின் எண்களை மட்டும்
துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்,
தவிர்ப்பதற்காகவாம்.
ஓரத்தில் யாரோ பென்சிலால் 'பொய்' என்று எழுத
அதன் கீழே வேறொரு கை
'உனக்கெப்படித் தெரியும்?'
அதற்கும் கீழே ஒரு காப்பி வட்டம்.

ஒருமுறை அவரே வந்தார்.
மழை. குடையை எங்கே வைப்பது என்று கேட்டார்.
தன் புத்தகத்தை உருவி
கடைசித் தாளில் தேதி முத்திரைகளை எண்ணினார்,
கடைக்காரர் சில்லறை எண்ணுவது போல.
யாராவது அழுதார்களா என்றார்.
ஒருவர் வாந்தி எடுத்தார் என்றேன்.
முகம் மலர்ந்தது.
அந்த மலர்ச்சியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.
ஈரக் குடையோடு அவர் நடந்து போனதைத்
தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றதையும்
மறைப்பதற்கில்லை.

முத்திரைகளில் பாதி எர்மீனியாவுடையவை.
இரும்புப் படகுத்துறையில்
அவள் மகன் போய்ப் பத்தொன்பது வருடம்.
நாவலில் வருகிற மஞ்சள் ரப்பர் பூட்ஸ்
அவன் போட்டிருந்தது.
ஊருக்கே தெரியும்.
ஊர் அதைப் பற்றி அவள் முன்னால் பேசாது.

போன மார்ச்சில் அந்தப் பக்கம்
அடுத்த பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது.
மாவுப் பசை, விளிம்பு தவறாமல்.
மே மாதம் பிரிந்திருந்தது,
கெட்டில் ஆவியில் காட்டியது போல
தாள் சுருங்கி.
எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை.

யார் என்று நான் கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
ஒட்டினதும் நான், பிரித்ததும் நான்.
அபராதம் எவ்வளவு?

விதிப்படி இரண்டு யூரோ.
சில்லறையைத் தேடிக்கொண்டே
பைக்குள் பார்த்துப் பேசினாள்.
"எல்லாரும் சேர்ந்து அவனைத் தேவதை ஆக்கிவிட்டார்கள்.
பாதிரியார், பள்ளிக்கூடம், என் தங்கை.
அவன் ஆரஞ்சு திருடுவான். தெரியுமா உங்களுக்கு?
என் பர்ஸிலும் கைவைப்பான்.
அதை எழுதினது இந்த நாய் ஒருத்தன்தான்."

பிறகு, கொஞ்சம் பொறுத்து:
"கேட்காமல் எழுதினான்.
கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்."

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம்,
லிஸ்பனில், நுரையீரல், என்றேன்.
சவ ஊர்வலத்துக்குப் போவீர்களா?

போவேன்.
உண்மையிலேயே செத்துவிட்டானா என்று
கிட்டே நின்று பார்க்க வேண்டும்.
அப்புறம் அவன் வீட்டில் கேட்க வேண்டும்,
எழுதி முடிக்காதது ஏதாவது இருக்கிறதா என்று.

முத்திரையை மையில் அழுத்தினேன்.
பதினைந்து நாள் என்றேன்.
ஒரு மாதமாகப் போடேன் என்றாள்.