சுண்ணக்கட்டி வட்டங்கள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இரவெல்லாம் நுண்ணோக்கிமேல் குனிந்து
சிலிக்கான் தகடுகளில் பழுது தேடுபவள் நான்.
கண்ணுக்கே தெரியாத கீறல் ஒன்று போதும்,
தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவேன்.
யோசிப்பதில்லை.
யோசிப்பதற்குச் சம்பளமும் இல்லை.

அதனால்தானோ என்னவோ
காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி
கேட்டைத் திறந்தபோது
அங்சானா மரப்பட்டையில் நீட்டிக்கொண்டிருந்த
பல்குச்சிகள் என் கண்ணில்தான் முதலில் பட்டன.
குச்சி அல்ல, மரத்தூள்.
உள்ளே குடைந்துகொண்டே வெளியே தள்ளிய தூள்
குச்சி குச்சியாய் நின்றிருந்தது.
ஊதினேன், உதிர்ந்தது.
அடியில் ஒரு துளை. பேனா முனை நுழையாது.

எறும்பு, என்றார் என் கணவர்.
பெரிய மரம், தாங்கும், என்றார் அடுத்த வீட்டு மிஸ்டர் ஊய்.
மரம் பார்க்க வந்த என்சிக் ஃபவ்ஸி ஒன்றும் சொல்லாமல்
உளியால் ஒரு சதுரம் பட்டையைப் பெயர்த்தார்.
உள்ளே
தேநீர் சிந்திய மேசைத்துணிபோல் பழுப்புக் கறை.
வண்டு மரத்தைத் தின்பதில்லையாம்.
பூஞ்சையைச் சுமந்து வந்து
சுரங்கத்துச் சுவரில் விதைத்து
அதைத்தான் அறுவடை செய்து உண்ணுமாம்.
அரிசியில் பாதி அளவு விவசாயி.

வேங்கைக்கு ஒன்றுவிட்ட தங்கை இந்த அங்சானா.
வேங்கை என்றால் புலியும்தான்.
புலியின் உடம்பில் யாரோ
ஊசிமுனை அகலத்துக்கு வயல் உழுகிறார்கள்.

கேட்டுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.
சுங்கை நிபோங்கில் நாங்கள் வீடு வாங்கும் முன்பே நின்றவை.
பத்திரத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது.
இடது மரம் உச்சியிலிருந்து வாடிக்கொண்டு வந்தது,
மூன்று வாரம்தான்.

வெட்ட மூவாயிரத்து இருநூறு ரிங்கிட்.
வலது மரத்துக்கு ஊசி, தடவைக்கு நானூற்று ஐம்பது.
பிழைக்கும் என்று எழுதித் தரமாட்டாராம்.
கூரை ஒழுகலுக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்தோம்.
அனுமதிப் பாரத்தில்
'காரணம்' என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
'நோய்' என்று எழுதியதும் நிறைந்துவிட்டது.

ரம்பம் இறங்கிய இடமெல்லாம் சிவப்பாய்ப் பிசின்.
என் சட்டைக் கையில் பட்டது இன்னும் போகவில்லை.
மிஸ்டர் ஊய் வந்து
நடுத்தண்டில் ஒரு பலகை கேட்டார், தேநீர் மேசைக்கு.
நல்ல மரம், எனக்கும் தெரியும்.
மேசையோடு வண்டும் ஏறிக்கொண்டு
சுங்கை பட்டாணியில் அவர் மகள் வீடுவரை போகும்.
முடியாது என்றேன்.
பதினோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'முடியாது'.
பெருநாள் ஆரஞ்சு இனி வேலி தாண்டுமா, தெரியாது.
மரம் தூளாகி, தார்ப்பாய் மூடிய லாரியில் போனது.

இப்போது படுக்கையறையில் வெயில்.
பகலில் தூங்குகிறவள் நான்.
கனத்த திரைச்சீலை, நூற்று எண்பது.
மரச்செலவுக் கணக்கிலேயே அதையும் எழுதினேன்.

தினமும் சீருடையைக் கழற்றும் முன்
வலது மரத்தைச் சுற்றி வருகிறேன்.
துளை ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம்.
திங்கள் ஐந்து.
புதன் ஏழு.
வேலையிடமாக இருந்தால்
முதல் துளையிலேயே சிவப்புப் பெட்டி.
இந்த மரத்துக்கு எந்தப் பெட்டி?
வியாழனும் ஏழு.
ஏழு நின்றால் நல்லதா,
அல்லது எனக்குத் தூக்கக் கலக்கமா?

சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பூத்துவிட்டது.
எப்போதும்போல் ஒரே நாள் பூப்பு.
மிஸ்டர் ஊயின் மைவி கார் முழுக்க மஞ்சள்.
துடைப்பத்தோடு வந்தார்.
பெருக்கவில்லை.
மரத்தடியில் நின்று வட்டங்களை எண்ணினார்.

"ஏழு," என்றேன்.

"எட்டு," என்றார் மலாயில்.
கிளை பிரியும் இடத்தைத்
துடைப்பக் காம்பால் காட்டினார்.
என் கைக்கு எட்டாத உயரம்.

சுண்ணக்கட்டியை அவரிடம் நீட்டினேன்.