நாலாவது தையல்

முதல் ஞாயிறு ஊசியே தரவில்லை.
ஒரு கரண்டி சர்க்கரை,
குளிரில் கட்டியாய் உறைந்த தேங்காயெண்ணெய்.
"ரெண்டையும் சேர்த்து உள்ளங்கையில தேய்ங்க சார்.
உங்க கை பட்டைப் பிய்க்குது."

உண்மைதான்.
ஸ்பிரிட்டும் சோப்பும் கோத்தகிரிக் குளிரும்
பதினேழு வருடமாய் உரித்த விரல்கள்.
பிரித்தெடுத்த ஒற்றை இழை
வெடிப்பில் சிக்கி
பூனைமயிராய்ச் சிலிர்த்து நின்றது.

தவமலருக்கு என் வயதில் பாதி.
டானிங்டனில் ஹார்டுவேர் கடைக்கு மேலே
பெயிண்ட் வாசனை ஏறிவரும் அறை.
நாலு சட்டம், ஒரு கைத்தறி,
ஜன்னலை ஒட்டி ஒரே பெஞ்சு.
மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கிவிடும்.
அப்புறம் பச்சையும் நீலமும் ஒன்றுதான்.
ட்யூப்லைட்டில் நிறம் பார்க்கக்கூடாது;
டீ குடிக்கலாம்.

எனக்குத் தையல் தெரியும் என்று
நானாகவே சொல்லிவைத்தேன்.
அரசு ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு.
காட்டெருமை முட்டிய தொடை,
கவாத்துக் கத்தி இறங்கிய கட்டைவிரல்,
தாலி கட்டப் போகும் வழியில்
பைக்கோடு விழுந்தவனின் புருவம்.
கறுப்புப் பட்டு, வளைந்த ஊசி,
தையலுக்கொரு முடிச்சு, முடிச்சுக்கொரு வெட்டு.

"இங்க முடிச்சே கிடையாது," என்றாள்.

மற்றவர்கள் ரோஜா கேட்டார்கள்.
நான் பீட்ரூட் இலை.
சிவப்பு நரம்பு பச்சைக்குள் கரையும் இடத்துக்கு
ஐந்து நிறம் வேண்டும் என்று
ஐந்தாவது ஞாயிறுதான் தெரிந்தது.
மூன்றாவது ஞாயிறு முழுக்கப் பிரித்தேன்;
அதையும் வருகைப் பதிவில்
வேலை என்றே எழுதிக்கொண்டாள்.

தறியில் போஜன்.
சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர், மஃப்ளர் நெய்கிறார்.
ஒரு சாணில் தொடங்கி
நடுவில் குளவி இடுப்பாய் ஒடுங்கிவிட்டது.
"ஊடையை நேரா இழுக்காதீங்க அண்ணா.
தொட்டபெட்டா மாதிரி ஒரு மேடு வெச்சுப் போடுங்க.
அடிச்சா மேடு தானே உள்ள உக்காரும்."
போஜன் பிரிக்கவில்லை.
எங்க வீட்டம்மாவுக்குக் கழுத்து ஒல்லிதான் என்றார்.

என் இலை சுருங்கியிருந்தது.
சட்டத்தை வாங்கித் திருப்பினாள்.
பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள்.
படித்தாள்.
பிறகு எதுவும் சொல்லாமல்
ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றினாள்.

வெளுத்த கோடு, இரண்டு அங்குலம்,
குறுக்கே ஆறு படிகள்.
"ஒன்பது வருஷம் முன்னால. தகரக் கூரை பறந்த ராத்திரி.
அது நீங்க."

எனக்கு ஞாபகமில்லை.
அந்த மழையில் எத்தனை தகரம், எத்தனை கை.

"அஞ்சு தையல் அழகு.
நாலாவதை மட்டும் இறுக்கிட்டீங்க."
அங்கே தோல் தொப்புளாய்க் குவிந்திருந்தது.
"மருந்து விட்டுப்போச்சு. நான் கத்தினேன்.
நீங்க அவசரமா இழுத்தீங்க."

முதல் நாளே தெரியுமா என்றேன்.
"முகம் தெரியல. மாஸ்க் போட்டிருந்தீங்க.
இப்போ இதைத் திருப்பினப்பதான்."
துணியில் என் நாலாவது வரிசையை
நகத்தால் தொட்டுக் காட்டினாள்.

மன்னிப்பு கேட்கலாமா என்று பார்த்தேன்.
அவள் ஏற்கெனவே போஜனிடம் போயிருந்தாள்.
கத்தரிக்கோல் எடுத்து
நாலாவது வரிசையைப் பிரித்தேன்.
மிஸ்ட் வரும்வரை அது மட்டும்தான் முடிந்தது.

திங்கள் ராத்திரி டியூட்டி.
மோவாய் கிழிந்த பையன், ஏழு வயது.
இப்போதெல்லாம் நைலான்தான்.
நாலாவதில் கத்தினான்.
ஊசியை அப்படியே நிறுத்தி
இன்னும் கொஞ்சம் மருந்து போட்டு
அது ஏறும்வரை
அவனுடைய ஸ்கூல் பஸ் நம்பரைக் கேட்டேன்.
வாசலில் இன்னும் மூன்று பேர்.
சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
விடிந்தால் வீங்கும் தோல், இடம் வேண்டும்;
முடிச்சைத் தளர உட்காரவைத்தேன்.

விடியலில் கைகழுவிவிட்டு
கேண்டீனில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டேன்.
"டீயில போடவா?"
கையில் போடு என்றேன்.