மீட்டர் பார்ப்பவன்

இருபத்திரண்டு வருஷம்
இந்த மலைச்சரிவில் மீட்டர் பார்த்தவன் நான்.
என் பூட்ஸ் சத்தத்துக்கே நாய்கள் குரைக்கும்.
காபி குடிக்கிறாயா என்று
ஒருவரும் கேட்டதில்லை.

புயல் போன மறுநாள் காலை
ஆறு பாலத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.
கம்பங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன,
காற்று படுக்கச் சொன்ன திசையில்.
பழக்கதோஷம்.
நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செனோன் வீட்டு மீட்டர் சேற்றில்.
உடைந்த கண்ணாடிக்குள் ஒரு நத்தை
பூஜ்யத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.
அடுத்த வீடு: சக்கரம் நின்றிருந்தது.
அதற்கடுத்தது: நின்றிருந்தது.
எழுத ஒன்றுமில்லாமல்
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

ஏப்ரலில் இரட்டிப்பான எண்,
மிக்டாலியா வீடு.
அவள் கணவனுக்கு மூச்சு தரும் இயந்திரம் வந்த மாதம்.
எந்த மாதமும் முப்பதைத் தாண்டாத எண்,
ஆர்செனியோ, தனியாள்.
ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அதில் இன்சுலின்.
இத்தனை வருஷம் பில் என்று நினைத்து எழுதியது
யார் கதவை முதலில் தட்ட வேண்டும்
என்ற பட்டியலாக இருந்தது.

இரண்டாம் நாள் பெரும் விருந்து.
ஃபிரீசர்கள் உருகத் தொடங்கிவிட்டன.
கிறிஸ்துமஸுக்கென்று வைத்த பன்றித்தொடை,
மாமியாருக்குத் தெரியாமல் ஒளித்த நண்டு,
எல்லாம் பள்ளிக்கூட முற்றத்து அடுப்புக்கு வந்தன.
யார் வீட்டில் என்ன இருந்தது என்று
ஊருக்கே தெரிந்துபோனது.
ஐந்தாம் நாள்
உப்பில்லாத வாழைக்காய்.

எலியேசரின் ரொட்டிக்கடையில் ஒரு ஜெனரேட்டர்.
போன் சார்ஜுக்கு வந்து நின்றவர்கள்
முதலில் முறைத்தார்கள், பிறகு
மிக்டாலியா வீட்டுக்கு வயரைத் தூக்கிப் பிடித்தார்கள்.
ஏழாம் நாள் டீசல் களவு போனது.
யாரென்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
அவன் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை,
மீட்டர் எண் நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று.

இராய்தா வீட்டுக்குப் போகத்தான்
கால் கூசியது.
புயலுக்குப் பதினெட்டு நாள் முன்பு
அவள் இணைப்பைத் துண்டித்து
ஈய முத்திரை வைத்தது இந்தக் கை.
மூன்று மாதப் பாக்கி.
"வா, மீட்டர்காரா" என்றாள்.
"கரண்டில்லாமல் இருப்பதில்
உங்களைவிடப் பதினெட்டு நாள் சீனியர் நான்."
பானைக்குள் பானை, நடுவே ஈர மணல்.
ஆர்செனியோவின் மருந்து
அன்றிலிருந்து அவள் சமையலறையில்.
எனக்குக் காபி கொடுத்தாள்.
சர்க்கரை இல்லை, மன்னிப்பும் இல்லை.
குடித்தேன்.

பதினோராம் இரவு டீசல் தீர்ந்தது.
மிக்டாலியாவின் கணவனை
ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தி
எட்டுப் பேர் ஆற்றைக் கடந்தோம்.
நெஞ்சுவரை தண்ணீர்.
அக்கரையில் ஆம்புலன்ஸ் இருந்தது.
மூச்சு இல்லை.
திரும்பி வரும்போது
அந்தக் கதவைக் கீழே போட
யாருக்கும் மனம் வரவில்லை.
சுமந்தே வந்தோம்.

எழுபத்தொன்பதாம் நாள், மாலை ஆறரை மணிக்கு
மலை முழுக்க விளக்கு எரிந்தது.
பெரியவர்களும் கூச்சல் போட்டார்கள்.
நின்றுபோயிருந்த ஒரு மிக்ஸி
யார் வீட்டிலோ தானாகக் கத்தியது.
ஒரு ஜன்னல் மட்டும் இருட்டு.
பாலத்தையே கொண்டுபோன புயல்
இராய்தாவின் பாக்கியைத் தொடவில்லை,
கம்பெனி ஏட்டில் அது அப்படியே இருந்தது.

மறுமாதம் நோட்டோடு போனேன்.
தெருவின் குறுக்கே,
துணி காயப்போட்ட கொடியோடு கொடியாக,
ஓர் ஆரஞ்சு நிற வயர்.
மேலே பார்க்காமல் நடந்தேன்.
இந்த மாதம் மிக்டாலியா வீட்டு எண்
பாதியாகக் குறைந்திருக்க வேண்டும்.
அவ்வளவு குறையவில்லை.

எழுதிக்கொண்டேன்.
கேட்கவில்லை.