மிஞ்சிய போல்ட்

பிரேக்கை மிதித்தால் கீச்சென்றது.
இத்ரீஸ் சொன்ன தொகை மூவாயிரத்து இருநூறு.
ஜி.பி. ரோட்டில் பேடு எண்ணூற்றைம்பதுதான்.
மிச்சப் பணம் கைக்கா,
கைக்குத் தெரிந்ததற்கா என்று
ஆதம்பாக்கம் சிக்னலில் கணக்குப் போட்டேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை.
ஜாக்கி ஏற ஏற
பதினோரு வயது ஆல்ட்டோ
ஊசிக்கு இடுப்பைக் காட்டும் பிள்ளைபோலச் சாய்ந்தது.
நட்டை முதலில் தளர்த்தியிருக்க வேண்டும்.
ஸ்பானரோடு சக்கரமும் சுற்றியது.
இறக்கினேன். தளர்த்தினேன். திரும்ப ஏற்றினேன்.
நான்காவது நட்டு அசையவில்லை;
ஸ்பானர்மேல் ஏறி நின்றேன்,
எழுபத்தெட்டு கிலோவும் தொப்பையும்.
கிரீச்.
வெள்ளத்தில் மூன்று நாள் நின்ற வண்டி அது.

"மெக்கானிக் வரலியா சார்?"
பால் பாக்கெட்டோடு இரண்டாம் மாடி கோதண்டபாணி.
"நான்தான்" என்றேன்.
கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

தண்ணி லாரி வந்து போனது.
மின்சாரம் போய் வந்தது.
கட்டைவிரல் நகம் கறுத்தது.
மூன்று மணிக்கு எல்லாம் மாட்டி முடித்து
விரித்திருந்த பேப்பரை மடிக்கப் போனால்
ராசிபலன் பக்கத்தில் ஒரு போல்ட்.
பன்னிரண்டாம் நம்பர்.

தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
கீச்சில்லை. வழுக்கலில்லை.
சட்டைப் பையில் போல்ட்
குலுங்கிக்கொண்டே இருந்தது.
நாளைக் காலை இந்தச் சக்கரத்துக்கு மேல்
உட்காரப் போகிறவள் என் மகள்.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார் இத்ரீஸ்.
தலையைக் குனிந்து உள்ளே போனேன்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
போல்ட்டைக் கட்டைவிரலால் துடைத்தார்,
விளக்கடியில் திருப்பினார், சிரித்தார்.

"இது நீங்க கழட்டினது இல்ல சார்.
ரெண்டு வருஷம் முன்ன
உங்க கிளட்ச் மாத்தும்போது என் கையிலேருந்து விழுந்தது.
ராத்திரி பத்து மணி வரைக்கும் தேடினேன்.
வேற போட்டுத்தான் குடுத்தேன், கவலைப்படாதீங்க.
எங்கயோ இடுக்குல இருந்திருக்கு."

கிளட்ச்சுக்கு அன்று நான் பேரம் பேசியது
நினைவுக்கு வந்தது.
அவருக்கும் வந்திருக்கும்.

பிறகு கேட்காமலே வெளியே வந்தார்.
சக்கரத்தருகே குத்தவைத்து
நான்காவது நட்டை மட்டும்
கால் சுற்று இறுக்கினார்.

"எவ்வளவு?"
"போல்ட்டக் கொண்டாந்து குடுத்திருக்கீங்க,
நான்ல தரணும்."

வீடு வரும்வரை
காலித் தெருவிலும் பிரேக் பிடித்துப் பிடித்து வந்தேன்.
சத்தமே இல்லை.
அந்தக் கால் சுற்றை மட்டும்
கேட்டுக்கொண்டே வந்தேன்.