பாம்புக் கணவாயில் ஐந்தாம் நாள்

பின்னால் ஒன்பது டன் உப்பு.
முன்னால் நானும் டாரலும்
சிட்னியும்.

சாலைக்கு மைனஸ் ஆறு.
அங்கே முப்பத்தெட்டு என்கிறது ரேடியோ.
யாரோ ஒரு ரசிகர் தொப்பிக்குள் ஐஸ் கட்டியை வைத்து
அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாராம்,
வர்ணனையாளர் சிரிக்கிறார்.
டாரல் கையுறையைக் கழற்றி
ரேடியோமேல் விரல்களை வைக்கிறான்,
அந்த வெயில் அதன் வழியே கசியும் என்பதுபோல.

டாரல் டூலன், வாகா வாகாக்காரன்.
ஷெஃபீல்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து
பதினான்கு குளிர்காலம்.
பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசுகின்றன.
இருந்தும் நவம்பர் பிறந்தால்
அவன் என் வண்டியில் ஏறும் வெளிநாடு.

நான் ஒலெரன்ஷா. க்ளாஸப்பில் பிறந்தவள்.
நாலுக்குச் சுழியம் தோற்றிருக்கிறோம்,
கிறிஸ்துமஸுக்கு முன்பே தொடர் போயிற்று.
"உப்புப் பெறாத ஆட்டம், அதையா
இன்னும் கேட்கிறாய்" என்றாள் தங்கை லொரெய்ன்.
அவளுக்கு எப்படிச் சொல்வது,
ஜெயிக்கிறவர்கள் ஸ்கோர் கேட்பார்கள்
தோற்கிறவர்கள்தான்
ஒவ்வொரு பந்தையும் கேட்கிறோம்.

மூன்று மணிக்கு ஆறு விக்கெட்.
உப்பின் விசையைக் கூட்டினேன்,
தேவைக்கு மேல் ஒரு சுற்று.
டாரல் ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்கைத் திறந்து
என் கோப்பையில் முதலில் ஊற்றினான்.
ஜெயிக்கிறவன் காட்டும் மரியாதையை
எந்தச் சர்க்கரை போட்டுக் குடிப்பது?

நாலரைக்கு எட்டு.
பிறகு அந்த இருவர்:
மட்டை பிடிக்கத் தெரியாத வேகப்பந்துக்காரன்,
விரல் உடைந்த விக்கெட் கீப்பர்.
அடிக்கவில்லை. ஓடவில்லை.
பந்து வந்தது, மட்டை நின்றது.
பந்து வந்தது, மட்டை நின்றது.
இந்த மலையில் நான் செய்வதும் அதுதானே,
பனி விழுகிறது, உப்பு விழுகிறது,
யாரும் ஜெயிப்பதில்லை,
காலையில் பேருந்து ஓடினால் போதும்.

ஐந்து இருபதுக்கு
ஆட்டத்தை நடுவில் வெட்டிவிட்டுக்
கடல் வானிலை அறிக்கை.
எந்த விரிகுடாவில் எத்தனை விசைக் காற்று,
எங்கே மூடுபனி.
கடலே தெரியாத கணவாயில்
நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்து
மீனவர்கள் செய்தி கேட்டு முடியக் காத்திருந்தோம்.

திரும்பி வந்த குரலில் அதே களைப்பு.
எட்டுதான்.
"நாசமாப் போக" என்றான் டாரல்,
மிக மெதுவாக.
அந்த இரவில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

வளைவில் ஒரு ரொட்டி வேன்
பள்ளத்தில் மூக்கைப் புதைத்துக் கிடந்தது.
டாரல் மண்வாரியோடு இறங்கினான்.
ஓட்டி வந்த பையன், உதடெல்லாம் நீலம்,
கண்ணாடியை இறக்கி
"எத்தனை விக்கெட்?" என்றான்.
"ஒன்பது" என்று பொய் சொன்னான் டாரல்.
"எட்டு!" என்று கத்தினேன் நான்.
சங்கிலி கட்டி இழுத்துவிட்டோம்.
கூலி இரண்டு ரொட்டி,
கல்லாய்க் குளிர்ந்தவை.

ஆறு ஐம்பது. இப்போது உண்மையாகவே ஒன்பது.
மூன்று ஓவர் பாக்கி.
மட்டையைச் சுற்றி எட்டுப் பேர் குனிந்து நிற்கிறார்கள் என்றார்,
ஆடுகளம் முழுக்க அவர்கள் நிழல்தான் என்றார்,
பந்துவீச்சாளர் திரும்பிவிட்டார் என்றார்,

மலை எழுந்து
ரேடியோவின் வாயைப் பொத்தியது.

கரகரப்பு. அதற்குள் ஓர் இரைச்சல்,
கூட்டத்தின் கூச்சலா,
டயரில் நொறுங்கும் பனியா.
இரண்டு மைல்.
டாரல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்,
தின்னவில்லை.

கீழே, விடியாத சாலையில்
எதிரே டிராக்டர்.
தாக்வெல், ஆட்டுப்பண்ணைக்காரர்.
அவர் வண்டியில் ரேடியோ எப்போதும் அலறும்.
எங்கள் விளக்கொளி முகத்தில் பட்டதும்
ஸ்டியரிங்கை விடாமல்
ஒற்றை விரலை உயர்த்தினார்.

முப்பது ஆண்டாக அவர் எனக்கு வைக்கும் வணக்கம் அது.
நடுவர் வைக்கும் தீர்ப்பும்
அதே விரல்தான்.

உப்பில் வெடித்த இரண்டு கைகள்
ஒரே நேரத்தில் பாய்ந்து
ரேடியோக் குமிழில்
முட்டிக்கொண்டன.